மஞ்சள் அடிக்கிற பிரிண்டர்

"இந்தச் சனியனை இன்னைக்குள்ள வெளியே தூக்கி வைக்கலைன்னா நான் என் பேரை மாத்திக்கிறேன்" என்றார் போட்டோக்காரர்.

"சரி, நல்ல பேரா நாலு யோசிச்சு வைக்கிறேன்" என்றாள் மனைவி, பிரிண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது பதினோரு வருஷத்து இங்க்ஜெட். ஒரு படத்தைத் துப்புவதற்குள் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். தினமும் காலையில் மை தெளிக்கிற ஹெட்டைச் சுத்தம் செய்து, சோதனைத் தாள் ஓட்டி, தாஜா பண்ணினால்தான் வேலையே பார்க்கும். அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொள்வார். அவரால் பொறுக்க முடியாதது அந்த மஞ்சள்தான்.

கம்ப்யூட்டரில் அவர் பார்த்துப் பார்த்துத் திருத்தி வைக்கிற முகம், தாளில் காமாலை கண்ட மாதிரி வந்து விழுகிறது. ஒன்பது மாதமாக இதே கதை.

அந்தக் கடையில் படம் எடுப்பதும் திருத்துவதும் அவர் வேலை. அச்சுப் போடுவது அவள் வேலை. கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான்.

"வாங்கிட்டுப் போறவங்க யாராவது குறை சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"அவங்களுக்கு என்ன தெரியும்? இது முப்பது வருஷமாப் பழகின கண்ணு. நிறம் ஒரு நூல் மாறினாலும் சொல்லிடும். இந்தக் கண்ணு என்னைக்கு என்னை ஏமாத்துதோ, அன்னைக்கே கடையை மூடிட்டு வீட்டுல முடங்கிடுவேன்."

அவர் இப்படிச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சோதனைத் தாளில் பார்க்க ஏதாவது இருக்கும்.

புது பிரிண்டர் என்று பேச்சை எடுத்தாலே அவள் பிடி கொடுப்பதில்லை. அடுத்த வருஷம் பார்ப்போம் என்பாள், இது இன்னும் ஓடுகிறதே என்பாள். கட்டின புருஷன் புலம்பினால் காதில் விழாது, அந்த டப்பா முனகினால் மட்டும் ஓடி வருகிறாள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதனால்தான் இன்று அவளிடம் சொல்லாமலே பிரிண்டர் கம்பெனி ஆளை வரச்சொல்லியிருந்தார்.

"தாள் தீர்ந்துடுச்சு, வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மேஜைக்குமாக ஏழெட்டு நடை நடந்தார்.

கம்பெனி ஆள் புது பிரிண்டரோடு வந்து இறங்கினார். "ஒரு படம் போட்டுப் பாருங்க சார். பிடிக்கலைன்னா எடுத்துட்டுப் போயிடறேன்."

பக்கத்து மருந்துக்கடை அம்மாவின் கைக்குழந்தை படம் போட்டோக்காரர் திருத்தித் தயாராக இருந்தது. தன் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அனுப்பினார். அரை நிமிஷத்தில் தாள் வெளியே வந்தது.

மஞ்சள் இல்லை. திரையில் எப்படியோ, தாளிலும் அப்படியே. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது மாதமாக இதற்குத்தானே தவித்தார்.

கம்பெனி ஆள் தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடினார். பிறகு, "அருமை சார்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடை அம்மாவே உள்ளே வந்தாள். "அண்ணே, பாப்பா படம் ரெடியா?"

"உன் பிள்ளைக்குத்தான்மா முதல் மரியாதை" என்று பெருமையாக நீட்டினார்.

வாங்கியவள் முகம் சுண்டிப்போயிற்று. "என்னண்ணே, பிள்ளை நீலம் பாரிச்சுக் கிடக்கு?"

"நீலமா? எங்கே?"

"உதடு, கன்னம் எல்லாமே. மூச்சு முட்டின பிள்ளை மாதிரி இருக்குண்ணே."

அவர் படத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழந்தை நல்ல நிறமாகத்தான் இருந்தது.

"நீங்க சொல்லுங்க, நீலமாவா இருக்கு?" என்று கம்பெனி ஆளைக் கேட்டார்.

"லேசா, சார்" என்றவர், தலையைக் குனிந்துகொண்டார். "லேசா இல்ல சார். நிறையவே."

மனைவி தாள்கட்டோடு உள்ளே நுழைந்தாள். புது பிரிண்டரையும் அவர் கையிலிருந்த படத்தையும் பார்த்தாள். தன் மேஜை டிராயரைத் திறந்து, காலையிலேயே அச்சுப் போட்டு வைத்திருந்த படத்தின் உறையை மருந்துக்கடை அம்மாவிடம் கொடுத்தாள்.

"இதுதான் என் பிள்ளை" என்று அவள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அவள் உறையைப் பிரித்தபோதே அவரும் எட்டிப் பார்த்திருந்தார். அவர் கண்ணுக்கு அது அதே காமாலை மஞ்சள்.

கம்பெனி ஆள் சத்தமில்லாமல் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

போட்டோக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் திருத்தினதை நீ மறுபடி திருத்தினியா?"

"நீங்க ஏத்தி வைக்கிற நீலத்தை எடுத்துட்டுத்தான் அச்சுப் போடுவேன்."

"ஒன்பது மாசமாவா?"

"கண் டாக்டர்கிட்ட போய்க் கேட்டேன். கண்ணுல புரை விழுந்தா எல்லாமே மஞ்சளாத் தெரியும்னு டாக்டர் சொன்னார். சின்ன ஆபரேஷன்தானாம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

"அதுக்காக, தினமும் அந்தப் பிரிண்டரை நான் வாய்க்கு வந்தபடி திட்டுறதைக் கேட்டுக்கிட்டு இருந்தியா?"

அவள் பழைய பிரிண்டரின் மூடியை முந்தானையால் துடைத்தாள்.

"அதுக்கு வலிக்காதுங்க. புதுசை வாங்கிட்டா, அப்புறம் நீங்க உங்களைத்தானே திட்டிக்குவீங்க."