ஐந்தாவது எலுமிச்சை

புறப்படும் முன் காருக்குப் பூஜை போட வாங்கிய ஐந்து எலுமிச்சம்பழங்கள் பையில் இருந்தன. கொழுத்த பழம் பயணத் திட்டம் போட்டது.

“முதல் நாள் பட்டணத்துக் கடைவீதி. மறுநாள் மலைக்காட்டில் யானை. மூணாம் நாள் கடல். ஜன்னலோரம் எனக்குத்தான்.”

“என்னையும் கூட்டிட்டுப் போவாங்களா அண்ணே?” என்றது வதங்கிய பழம்.

“உன்னை எவன் சீண்டுவான்?”

வீட்டுக்காரர் வந்தார். பளபளப்பான நான்குக்கும் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாகத் தரையில் வைத்தார். ஐந்தாவதை, மலை வளைவில் குமட்டினால் முகர்ந்து பார்க்க, மனைவியின் கைப்பையில் போட்டார்.

“எனக்குக் குங்குமம், உனக்குக் குமட்டல்!” என்று சிரித்தது கொழுத்த பழம். “நான் இல்லாம வண்டி நகராது, தெரியுமில்ல?”

வண்டி நகர்ந்தது.

வதங்கிய பழம் கைப்பையிலிருந்து எட்டி எட்டிக் கடைவீதி பார்த்தது, யானை பார்த்தது, மூன்றாம் நாள் கடலையும் பார்த்தது.

“பாவம் அண்ணன், கொடுத்துவைக்கலை” என்று பெருமூச்சு விட்டது.

கடற்கரை ஓட்டலில், பொரித்த மீனை வைத்த சர்வர் தலையைச் சொறிந்தார். “எலுமிச்சை தீர்ந்துபோச்சுங்க.”

“பரவாயில்லை” என்று மனைவி கைப்பையைத் திறந்தார்.