காயத்திலிருந்து பஸ்

“எழிலரசி, நீ அமிர்தத்தைப் பார்த்து எழுதுறியா?”

கேட்ட பிறகுதான் அறிவழகனுக்கே அது அபத்தமாகப் பட்டது. எழிலரசி அவருடைய வகுப்பில் முதல் மாணவி. அமிர்தம் கடைசி.

“இல்ல சார்.”

“அப்புறம் எப்படிம்மா ரெண்டு பேருக்கும் வாரா வாரம் ஒரே தப்பு வருது?”

அவர் மார்க் நோட்டைப் புரட்டினார்.

“இந்த மார்க்கை வச்சிக்கிட்டு அடுத்த மாசப் பரீட்சைக்கு உன் பேரை அனுப்ப முடியாது. அயர்லாந்து ஆஸ்பத்திரிக்காரன் உனக்காக நாற்காலி போட்டுக் காத்துக்கிட்டு இருப்பானா?”

“மாட்டான் சார்.”

சிதம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடக்கிறது அந்த வகுப்பு. வெளிநாட்டு வேலைக்குப் போக நர்ஸுகள் எழுத வேண்டிய இங்கிலீஷ் பரீட்சைக்கான பயிற்சி. அதில் கேட்டல் பகுதிதான் எல்லோருக்கும் உதைக்கும். டாக்டரும் நோயாளியும் பேசும் ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். கேட்டுக்கொண்டே, விடுபட்ட வார்த்தைகளை எழுதி நிரப்ப வேண்டும்.

திருத்திய தாள்களில் இருக்கும் தப்புகளை வகுப்பில் படித்துக் காட்டுவது அறிவழகனின் வழக்கம். சிரித்துவிட்டால் மறக்காது என்பது அவர் கட்சி.

அமிர்தம் குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸில் வருகிறவள். சேர்ந்த புதிதில், காயத்திலிருந்து சீழ், அதாவது ‘pus’, வருகிறது என்று நிரப்ப வேண்டிய இடத்தில், ஆட்கள் ஏறி இறங்கும் ‘bus’ஸை எழுதி வைத்திருந்தாள்.

“காயத்துலேர்ந்து பஸ் வருதாம்! எந்த பஸ்ஸும்மா? கடலூரா, விருத்தாசலமா?”

வகுப்பு குலுங்கியது.

“பாயின்ட் டு பாயின்டா சார்?” என்றாள் ரேகா.

அமிர்தமும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அதன் பிறகு சில நாள் வகுப்புக்கு வரவில்லை.

திரும்பி வந்து எழுதிய தாளில், ஜலதோஷம் இருக்க வேண்டிய இடத்தில் தங்கம் இருந்தது.

“நோயாளிக்கு மூணு நாளா கோல்டாம். எந்தக் கோல்டுன்னு பார்த்தா, நகைக்கடைக் கோல்டு! மேல வீதியில கொண்டுபோய் உரசிப் பாருங்கம்மா.”

சிரிப்பு கிளம்பியது. அதே சிரிப்போடு அவர் அடுத்த தாளை எடுத்தார். எழிலரசியுடையது. அதிலும் தங்கம்.

அவர் முகம் மாறியது. வகுப்பும் அடங்கியது. எழிலரசிக்கே வருகிறதென்றால் அதில் ஏதோ விஷயம் இருக்க வேண்டும்.

ஒரு காகிதத்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு இரண்டு ‘கோல்டு’களையும் சொல்லிக் காட்டினார். ஜலதோஷத்துக்குக் காகிதம் ஆடியது. தங்கத்துக்கு ஆடவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு காகிதத்தைப் பிடித்து ஊதாத குறையாகச் சொல்லிப் பார்த்தார்கள். அமிர்தம் வீட்டுக்குக் கிளம்பும்போதும் சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை. தப்புகள் குறைந்தன. ஆனால் வந்த தப்புகள் ஜோடியாகத்தான் வந்தன. ஒருத்தி முதல் பெஞ்ச், ஒருத்தி கடைசி பெஞ்ச். நடுவில் முழு வகுப்பே உட்கார்ந்திருக்கிறது.

“சரி, நாளைக்கு நீ என் ரூம்ல உக்காந்து எழுது” என்றார் எழிலரசியிடம்.

மறுநாள் யாருமே கேட்டிராத ஒலிப்பதிவாகத் தேடி எடுத்தார். எழிலரசியின் போனை வாங்கி மேசைக்குள் வைத்தார். கதவைச் சாத்தினார்.

தாள்கள் வந்தன. முதுகுவலி என்று எழுத வேண்டிய இடம். அமிர்தம், தோளில் மாட்டும் ‘பேக்’கை எழுதியிருந்தாள். எழிலரசியின் தாளைத் திருப்பினார்.

அதே பேக். அதே வலி.

கோபமெல்லாம் போய்விட்டது. தெரிந்துகொள்ளாமல் அன்று சோறு இறங்காது போலிருந்தது. மற்றவர்கள் இறங்கிப் போகும்வரை காத்திருந்தார்.

“நடுவுல சுவரு. கையில போன் இல்ல. எப்படிம்மா?”

“அமிர்தம் கேக்கும்போது முதல்ல தமிழ்ல குறிச்சுக்குறாங்க சார், அவுங்க நோட்டுல ஒரு நாள் பார்த்தேன். வேகத்துக்கு அவுங்களுக்கு இங்கிலீஷ்ல கை ஓடல. தமிழ்ல ‘கே’ சத்தத்துக்கும் ‘ஜி’ சத்தத்துக்கும் ஒரே எழுத்துதான. அப்புறம் அதைப் பார்த்து இங்கிலீஷ்ல எழுதுறப்போ மாறிப் போயிடுது. நானும் ஆரம்பத்துல அப்படித்தான் சார். எந்த வார்த்தையில மாறும்னு காதுல விழும்போதே தெரிஞ்சிடும்.”

“அப்ப சரியான பதிலும் உனக்குத் தெரியும்?”

“தெரியும் சார்.”

“அமிர்தம் கேட்டுக்கிட்டாளா, இப்படி எழுதச் சொல்லி?”

“ஐயோ, அவுங்களுக்கு எதுவும் தெரியாது சார். நாங்க ஜாஸ்தி பேசினதுகூட இல்ல.”

அறிவழகன் தாளை மேசைமேல் வைத்தார்.

“அவளுக்குத்தான் தெரியல, எழுதுறா. நீ தெரிஞ்சே உன் மார்க்கைக் கெடுத்துக்குறியே. பரீட்சையிலயும் இப்படித்தான் எழுதப்போறியா?”

“மாட்டேன் சார்” என்றாள் எழிலரசி. “அங்க திருத்துறவங்க யாரும் சத்தமா படிச்சுக் காட்ட மாட்டாங்க.”