டில்லிபாபு நம்பிய அறிக்கை

"கமிஷன் சொன்னதுதாம்பா கரெக்டு. நாமதான் இத்தினி நாளா இன்னாத்தையோ பேசிகினு இருந்தோம்."

டில்லிபாபு இப்படிச் சொன்னதும் டோல்கேட் டீக்கடையே வாயைப் பிளந்தது.

பின்னே? பொதுக்கூட்டத்துக்கு வந்த கட்சித் தலைவரை அந்த ரோட்டிலேயே காரில் வைத்து வெட்டிக் கொன்று நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து டில்லிபாபு சொல்லாத கதையா? முதலில் வெளிநாட்டுச் சதி. அப்புறம் தலைவரின் சொந்த மச்சான். அதற்கும் அப்புறம், செத்தது தலைவரே இல்லையாம், அவரை மாதிரியே இருந்த வேறு யாரோவாம்! டிரெய்லர் லாரி ஓட்டுகிற மனுஷனுக்கு இவ்வளவு கற்பனை எங்கிருந்துதான் வந்ததோ.

இன்னாசிக்குப் பொறுக்கவில்லை. ஷிப்பிங் கம்பெனியில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்தக் கொலையை விசாரித்த கமிஷன் இங்கிலீஷில் கொடுத்த தலையணை சைஸ் அறிக்கையை மொபைலில் இறக்கி, முழுசாகப் படித்தவர் அந்தப் பேட்டையிலேயே அவர் ஒருத்தர்தான்.

"இன்னா டில்லி, நேத்து வரிக்கும் கமிஷனே டுபாக்கூருன்னு கத்திகினு இருந்தே. எவன்னா உன்ன கவனிச்சிட்டானா?"

டில்லிபாபு டீக்காசை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

"வெல போயிட்டாம்பா," என்றார் இன்னாசி.

ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. சாயந்திரம் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று டில்லிபாபு வீட்டுக்கே போனார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அழுகைச் சத்தம்.

"ஆரத்தி எடுக்க எல்லாருக்கும் முன்னாடி தட்ட தூக்கிகினு காராண்ட போனவ நான்தானே? எனக்கோசரம்தானே அவரு வண்டிய நிறுத்தி கண்ணாடிய எறக்குனாரு? இல்லாங்காட்டி பொழச்சிருப்பாரே!"

டில்லிபாபுவின் மனைவி மலர்க்கொடி.

"பொழச்சிருக்க மாட்டாரு மலரு. கமிஷனே எழுதிகீது. மேடையாண்ட இன்னொரு கும்பலு கத்தியோட நின்னுகினு இருந்துச்சாம். நீ ஆரத்தி எடுக்காட்டியும் அவரு செத்துதான் இருப்பாராம்."

"மொதல்ல வெளிநாடுன்னே. அப்பால மச்சான்னே. என்ன தேத்தறதுக்கு தெனம் ஒரு கத. எனுக்குத் தெரியாதா?"

இன்னாசிக்குச் சுரீரென்றது. நாலு வருஷமாக மலர்க்கொடி வீட்டுப் படி இறங்கி அவர் பார்த்ததில்லை. மூட்டுவலி என்று டில்லிபாபு சொன்னதை நம்பி, அதற்குத் தைலம் வேறு சிபாரிசு செய்திருந்தார். தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குள் மலர்க்கொடி அவரைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. இவுரு இன்னா வோணா சொல்வாரு. நீங்க பொய் பேச மாட்டீங்க. மேடையாண்ட இன்னொரு கும்பலு இருந்துச்சுன்னு எழுதிகீதா?"

டில்லிபாபு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"எழுதிகீதும்மா," என்றார் இன்னாசி. "நானே ரெண்டு தபா படிச்சேன். வண்டி எங்க நின்னாலும் அவரு தப்பிச்சிருக்க முடியாது. உம்மேல ஒரு பாவமும் இல்ல தங்கச்சி."

மலர்க்கொடி அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெகு நேரம் அழுதாள். ஆனால் இது பாரம் இறங்கிய அழுகை என்பது பார்த்தாலே தெரிந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரயிலு டேசன் வரிக்கும் காத்தாட நடந்துட்டு வரலாமாங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

புடவை மாற்ற அவள் உள்ளே போனதும், டில்லிபாபு இன்னாசியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாத்தே... மேடையாண்ட கும்பலுன்றது... நான் சும்மா எட்த்து வுட்டது."

"தெரியும் டில்லி. மேடையாண்ட கும்பலு இருந்துச்சுன்னு நாளைக்கு டீக்கடைல நானே சொல்றேன். நீ சொன்னா எவன் நம்புவான்?"