படத்துக்கு வந்தவர்

“எழுந்திருங்க, எழுந்திருங்க! சத்திரமா இது, வந்து உட்கார்ந்துட்டு?”

பாழடைந்த தியேட்டரின் வாசல் படியில் உட்கார்ந்திருந்த நாலு பேரைக் கேமராக்காரர் கையை வீசி விரட்டினார். முகப்பில் பெயர் எழுத்துகள் பாதிக்கு மேல் உதிர்ந்து, கூரை விளிம்பில் புல் முளைத்து, அந்தக் கட்டடம் அவர் மனசுக்குப் பிடித்த மாதிரி செத்துக் கிடந்தது. நடுவில் இந்த நாலு பேர் மட்டும் உயிரோடு இருந்து காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் சார், மூடிட்டாங்களா?” என்றார் அவர்களில் ஒருவர்.

“மூடிட்டாங்களாவா? எந்தக் காலத்துல இருக்கீங்க? இது எப்பவோ மண்டையைப் போட்டாச்சு. கிளம்புங்க, காத்து வரட்டும்!”

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்பக்கத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பிப் போய்விட்டார்கள்.

“பார்த்தியா மாப்ள? உட்கார்ந்திருக்கிற இடம் இருக்கா செத்துச்சான்னு கூடத் தெரியல. இதுங்கதான் ஊர்ல இருந்த அத்தனை தியேட்டரையும் சாகடிச்சதுங்க.”

மாப்ள என்றது அவருடைய மச்சினனை. கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வருவதற்கென்றே இழுத்து வரப்பட்டவன். அவன் பாவம், கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றான்.

நாளைக்குக் கண்காட்சி. ‘மறைந்த திரையரங்குகள்’ என்று பேனர்கூட அடித்தாகிவிட்டது. ஊரெல்லாம் தேடி அலைந்து படமெடுத்ததில் ஒரு தியேட்டர் டைல்ஸ் கடையாகியிருந்தது, ஒன்று ஜிம், இன்னொன்று கார் நிறுத்துமிடம். எல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டு பளபளவென்று நின்று அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பின.

பார்க்கிறவன் கண்ணில் தண்ணீர் வர வேண்டாமா? அப்படி ஒரு படத்தை வாசலுக்கு நேரே மாட்ட வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். அந்தப் பெரிய கண்ணாடிச் சட்டம் இன்னும் காலியாகவே இருந்தது.

“கடைசியா நீங்க எப்ப மாமா தியேட்டருக்குப் போனீங்க?” என்று மச்சினன் வெள்ளந்தியாகக் கேட்டான்.

“எனக்கேதுடா நேரம்? செல்லுலயே பார்த்துக்கறேன். ஆனா நான் வருத்தப்படறேன்ல? அந்த ஜனங்க வருத்தமாவது பட்டுச்சா?” என்று எரிந்து விழுந்தார்.

டிக்கெட் ஜன்னலின் ஓட்டை வழியாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கையில் துடைப்பம். இடம் காலியாகக் கிடந்தால் போதுமே, யாராவது சட்டிபானையோடு குடியேறிவிடுவார்களே என்று அவர் முகத்தைச் சுளித்தார்.

“படத்துக்கா சார்?”

“படத்துக்குத்தான். இல்லன்னா இந்தக் குட்டிச்சுவருக்கு எவன் வருவான்?”

குட்டிச்சுவர் என்றதுகூட அவள் காதில் விழவில்லை போலும். முகம் அப்படி மலர்ந்துபோனது. “வாங்க சார், வாங்க! லைட் போறதுக்குள்ள எடுத்துடுங்க.”

“எப்ப எடுக்கணும்னு எனக்குத் தெரியும். நீ தலையை உள்ள இழுத்துக்கோ.”

“சரிங்க சார். நான் போய் உள்ள எல்லாம் ரெடி பண்ணிடறேன்.”

“ஒண்ணையும் தொடாத! தூசி அப்படியே இருக்கட்டும்!” என்று அவர் கத்துவதற்குள் அவள் ஓடிவிட்டாள். “மூளைங்கறதே கிடையாது” என்று முணுமுணுத்தபடி கேமராவைக் கண்ணில் வைத்தார்.

மாலை வெயில் சாய்ந்து, உதிர்ந்த எழுத்துகளின் மேல் மஞ்சளாக விழுந்தது. வெறிச்சோடிய படி, இருண்ட டிக்கெட் ஜன்னல், கூரைப் புல். “ஆஹா, என்ன ஒரு சாவுக்களை!” என்று சொக்கிப்போய் எடுத்துத் தள்ளினார். நாளைக்கு ஊரே மூக்கைச் சிந்தப்போகிறது.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் கையில் பெரிய பூட்டு ஒன்று இருந்தது. அந்தப் பெண் உள்ளேயிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“என்னம்மா, ஒரு ஈ காக்காயைக் காணோம்? இன்னைக்கு ஷோவுக்கும் யாரும் வரலன்னா அண்ணன் சொல்றபடி மூடிடலாம்னு நீதானே சொன்ன?”

“வந்தாங்கண்ணா! நாலு பேர் படியில காத்துட்டிருந்தாங்க. பெருக்கிட்டு வந்து பார்க்கறேன், காணோம்.” அவள் கேமராக்காரரைக் கைகாட்டினாள். “இதோ, இந்த சாரும் படத்துக்குன்னுதான் சொன்னாரு.”

“அந்த நாலு வெட்டிப்பயல்களா? நான்தான் விரட்டிவிட்டேன்” என்றார் கேமராக்காரர் பெருமையாக. “இல்லன்னா நீங்கல்ல விரட்ட வேண்டியிருந்திருக்கும்? என் படமும் எடுத்தாச்சு. இனி நீங்க தாராளமா பூட்டிக்கலாம்.”

அவள் அவரையே பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைக் குனிந்து பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

“பூட்டிடுங்கண்ணா” என்றாள்.

இரும்புக் கதவு கிறீச்சிட்டுச் சாத்திக்கொண்டது. அதில் பூட்டு தொங்கியதைக் கண்டதும் கேமராக்காரருக்குப் பரவசம் தாங்கவில்லை. “அடடா, இந்தப் பூட்டு ஒண்ணுதான் குறைச்சலா இருந்துச்சு! கொஞ்சம் தள்ளி நில்லும்மா, ஒண்ணே ஒண்ணு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

“நல்லா எடுத்துக்குங்க சார். இது பழைய தியேட்டர் ஆனது இப்பத்தான்.”