வீங்க வேண்டிய கை

“தாயே, எங்க செட்டியாருக்குக் கை நல்லா வீங்கணும்!”

கொப்புடையம்மன் சந்நிதியில் மெய்யம்மை ஆச்சி இப்படி வாய்விட்டு வேண்டிக்கொண்டதைக் கேட்டவர்கள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள். புருஷனுக்கு இப்படி வரம் கேட்கிறவள் பக்கத்தில் யார் ஒட்டி நிற்பார்கள்?

வேண்டுதலில் கோளாறில்லை. வயிரவன் செட்டியாருக்குக் கழுத்தில் வந்த கட்டி, நிணநீர்ப் புற்று என்று தெரிந்துவிட்டது. டாக்டர் அகிலாண்டேஸ்வரி, மெட்ராஸிலிருந்து சித்திரை வெயிலில் பஸ்ஸேறி வந்த மருந்து ஒன்றை, உடம்பு அடையாளம் கண்டுகொள்ள முன்பு ஒருதரம் தடவியது போலவே மறுபடி அவர் முன்கையில் தடவி, சுற்றி மையால் வட்டம் போட்டிருந்தார். எழுபத்து மூன்றாம் வருஷம். காரைக்குடிக்கு அந்தச் சோதனை புதிது.

“ரத்தத்துல காவல் அணுக்கள்னு இருக்கு ஆச்சி. அது முழிச்சிருந்தா இந்த இடம் சிவந்து வீங்கும். வீங்குச்சுன்னா உடம்பு தாங்கும், மெட்ராஸ்ல வைத்தியம் பாத்துரலாம்.”

“வீங்கலைன்னா?”

“பாப்போம்.”

டாக்டர்கள் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று ஆச்சிக்குத் தெரியும். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கை வழவழவென்று அப்படியே கிடந்தது. துக்கம் விசாரிக்கக் கொஞ்சம் முன்கூட்டியே நெற்குப்பையிலிருந்து வந்துவிட்ட ஆச்சியின் தம்பி ஏகப்பன், அத்தானின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“வீங்கணும்னா ஒரு தேளைப் பிடிச்சு விட்டாப் போதாதா? இதுக்கு ஒரு டாக்டரு, அதுக்கு ஒரு படிப்பு!”

அதற்கடுத்த நாள் காலையில், மை வட்டத்தையும் தாண்டி முழங்கை வரைக்கும் சிவந்து தடித்திருந்தது. “நான் அப்பவே சொல்லலை?” என்று, சொல்லாததைச் சொன்னதாக ஆஸ்பத்திரி முழுக்கப் பறைசாற்றப் போனான் ஏகப்பன். ஆச்சி தேங்காய் உடைக்க ஓடினார்.

டாக்டர் வீக்கத்தை அளக்க அளவுகோலை எடுத்தார். செட்டியார் கையை இழுத்துக்கொண்டார்.

“அளக்காதீக டாக்டரம்மா. இது உங்க மருந்தால வந்த வீக்கமில்லை. சலவைத் துணிக்குக் குறி போடுவாகள்ல, சேராங்கொட்டை, அந்தப் பாலை நாந்தான் எடுத்துத் தடவிக்கிட்டேன். சின்னப் பிள்ளையில அது பட்டு எனக்கு உடம்பே வீங்கியிருக்கு.”

“ஏன் இப்படிச் செஞ்சீக?”

“மெய்யம்மை பட்டினி கெடக்கா. நான் போறது போறேன், அவ ரெண்டு வாய் சாப்பிடட்டுமே.”

டாக்டர் அந்தக் கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த தன் மருந்துச் சீசாவை எடுத்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார்.

“வெயில்ல வந்து கெட்டுப்போனது இந்த மருந்துதான், உங்க உடம்பில்லை, செட்டியாரே. சேராங்கொட்டைக்கு வீங்க வைக்கிறதும் அதே காவல் அணுக்கள்தான்!”