நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

"இந்தத் தும்பிக்கை எதுக்கு?"

அந்த அம்மாள் கேட்டதும் பட்டறை மிஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புது வண்டியின் பக்கவாட்டில் கூரை வரைக்கும் ஏறி நின்ற கறுப்புக் குழாயைத்தான் அவள் காட்டினாள்.

"தும்பிக்கை இல்லம்மா, ஸ்நார்க்கல்," என்றார் கணவர் பெருமையாக. "ஆத்துக்குள்ள வண்டி இறங்கினா இன்ஜின் இது வழியாத்தான் மூச்சு விடும்."

"குளிக்கிற ரூம்ல வழுக்கும்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறவர் நீங்க. ஆத்துல இறங்கப் போறீங்களாக்கும்!"

மிஸ்திரி ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

இந்தப் பட்டறைக்கு வருகிற காடு மேடு ஏற நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளில் பாதி, மண்ணை மிதித்ததே கிடையாது. இரும்பு பம்பர், சேற்று டயர் எல்லாம் மாட்டிக்கொண்டு நேராகப் போய்க் காய்கறிக் கடை வாசலில் நிற்கும். மாட்டச் சொன்னால் மாட்ட வேண்டியது. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுவானா என்ன!

இந்த மனிதர் எல்லாருக்கும் ஒரு படி மேல். வாரம் தவறாமல் வந்து ஏதாவது ஒன்றை மாட்டிக்கொண்டு போவார். பட்டறையில் அவருக்குப் பெயரே 'மலையேறி'. மனைவியை இன்றைக்குத்தான் முதல் தடவையாக அழைத்து வந்திருக்கிறார்.

அவள் வந்ததே பெரிய விஷயம். லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுப்பது அவள் தொழில். மூட்டை ஏற்ற ஒரு பழைய வேன் இருந்தது. இவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வேனை ஷோரூமில் தள்ளிவிட்டு, இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறாள். புருஷனிடம் பேச்சில்லை.

"குடும்பத்தோட ஒரே ஒரு டூர், மிஸ்திரி," என்று முன்பே காதைக் கடித்திருந்தார் மலையேறி. "அவ மட்டும் 'வரேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, எல்லாம் சரியாயிடும்."

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். கூரை மேல் வரிசையாக இருந்த விளக்குகளை அண்ணாந்து பார்த்தாள்.

"இது?"

"காட்டுல இருட்டா இருக்கும்ல?"

"வீட்டு வாசல்ல பல்பு போய் எத்தனை நாளாச்சு? அதை மாத்த ஆளக் காணோம். காட்டுக்கு வெளிச்சம் போட வந்துட்டார்."

மலையேறி அசரவில்லை. திட்டினாலும் பேசுகிறாளே, அது போதும் என்று இளித்துக்கொண்டு நின்றார்.

"சரி, தூங்கறதுக்கு என்ன ஏற்பாடு?" என்று மிஸ்திரியைக் கேட்டாள்.

"கூரை மேல கூடாரம் போட்டுடலாம்க்கா. ஏணி வச்சு ஏறிக்கலாம்."

"ஏணியா? இவருக்கு நாற்காலி மேல நின்னாலே தலை சுத்தும். உள்ளேயே போடுங்க."

"உள்ளன்னா பின்னால இருக்கிற சீட்டு எல்லாத்தையும் கழட்டணுமேக்கா?"

"கழட்டுங்க."

மலையேறி பதறினார். "அப்ப நம்ம பொண்ணு எங்க உக்காருவா?"

"அவ வரமாட்டா. நான் பேசிட்டேன்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மிஸ்திரியின் விலாவில் இடித்து, "நாங்க ரெண்டு பேர் மட்டும்!" என்று முணுமுணுத்தார். நரைத்த மீசையைத் தடவி விட்டுக்கொண்டார்.

"அப்ப ரெட்டை மெத்தையா போட்டுடட்டுமா?"

"எதுக்கு? ஒத்தை மெத்தை போதும். மிச்ச இடத்துல துணி வைக்கிற மாதிரி டிராயர் அடிச்சுடுங்க. மெத்தை கனமா இருக்கட்டும், இவருக்கு முதுகு வலி இருக்கு."

மலையேறிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. மிஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வரும்போது எரிந்து விழுந்து, போகும்போது முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் தலை சரிசெய்துகொள்கிற மனைவிமார் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! இதுவும் அந்தக் கேஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

வண்டியில் பொருத்த எடுத்து வைத்திருந்த அடுப்பைப் பற்றவைத்து அணைத்துப் பார்த்தாள். சின்ன ஃபிரிட்ஜைத் திறந்து மூடினாள். தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்து, இன்னும் பெரிதாக வேண்டும் என்றாள்.

"மழை, குளிரெல்லாம் தாங்குமா?"

"வருஷம் முழுக்கத் தாங்கும்க்கா. சமையல், தூக்கம், குளியல் எல்லாமே வண்டியோடதான். வீட்டு ஞாபகமே வராது."

"அதுதான் வேணும்," என்று அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மலையேறி அவள் பக்கம் நெருங்கி வந்தார். "இத்தனை அக்கறையா பாக்கறியே... அப்ப வரேன்னு உன் வாயால ஒரு தடவை சொல்லிடேன்."

அவள் கைபேசி ஒலித்தது. எடுத்தாள்.

"சொல்லுங்க... முன் கதவு, பின் கதவு ரெண்டும் முடிஞ்சுதா? சரி. சாவியை என் பொண்ணுகிட்டக் குடுத்துட்டுப் போங்க."

"யாரு?" என்றார் மலையேறி.

"பூட்டு மாத்த வந்தவர்." கைபேசியைப் பைக்குள் போட்டாள். "வேன் உங்க பேர்ல இருந்துச்சு, என்னைக் கேக்காம தள்ளிவிட்டீங்க. வீடு என் பேர்ல இருக்கு, நானும் கேக்கல. இனிமே நீங்க குடியிருக்கப் போற இடத்துல ஒரு குறையும் இருக்கக் கூடாதேன்னுதான், இன்னிக்கு நானே நேர்ல வந்து பாத்தேன்."