மைத்துனன் வீட்டுப் பூச்சி

டப்பாவில் எழுதியிருந்ததைப்போல் மூன்று மடங்கு மருந்தடித்தும், முட்டைக்கோஸ் இலையில் புழுக்கள் குளித்து முடித்த தெம்போடு நெளிந்துகொண்டிருந்தன.

“கலப்பட மருந்து சார்!” என்று கத்தினார் தோட்டக்காரர்.

“மருந்து மேல பழி போடாதீங்க,” என்றார் வேளாண்மை அதிகாரி. “கூட்டத்துல எதுக்கும் சாகாத முரட்டுப் பூச்சி ஒண்ணு ரெண்டு இருக்கும். முரடும் முரடும் ஜோடி சேர்ந்தா, பொறக்கறதெல்லாம் முரடுதான்.”

“இத்தனை வருஷம் செத்துச்சே?”

“மருந்தே படாத நோஞ்சான் பூச்சிங்க பக்கத்துல எங்கேயோ இருந்திருக்கு. உங்க முரடனுங்களுக்கு அங்கதான் சம்பந்தம் அமைஞ்சிருக்கும். அதுங்க பெத்த பிள்ளைங்க மருந்து வாசனைக்கே செத்திருக்கும்.”

பக்கத்துத் தோட்டம் மைத்துனனுடையது. மருந்தே அடிக்காத சோம்பேறி, பூச்சிக்குப் பண்ணை வைத்திருக்கிறான் என்று தோட்டக்காரர் அவனைத் திட்டாத நாளில்லை. இப்போது வேலியோரம் போய்க் குழைந்தார்.

“மாப்ளே, உன் பூச்சியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் விடேன்.”

“எங்க மாமா இருக்கு? போன வருஷம் நான் வெளியூர் போயிருந்தப்ப, எவனோ உள்ள பூந்து தோட்டம் முழுக்க மருந்தடிச்சுட்டான். கோழிக்குக்கூட ஒரு புழு மிச்சமில்ல. அவன் நாசமாப் போக!”

தோட்டக்காரர் திரும்பி, சல்லடையாகிக் கிடந்த தன் முட்டைக்கோஸைப் பார்த்தார்.

“அதெல்லாம் நாசமாப் போயிட்டான், மாப்ளே.”